1234 இலக்கப் பகு எண்ணும் பாரி ஜிபியும்: எதுவரை நம்பலாம்?

பெரிய பகு எண் ஒன்றிடம் கேட்கும் கேள்விகள் இரண்டு வகை. பகா எண்ணா, பகு எண்ணா? முழு வர்க்கமா? வேறொரு எண்ணின் அடுக்கா? இவற்றுக்கு எண் ஆயிரம் இலக்கம் இருந்தாலும் சட்டென்று பதில் வந்துவிடும். எத்தனை வகுத்திகள், அவற்றின் கூட்டுத்தொகை என்ன, யூலர் ஃபை மதிப்பு (எண்ணுக்குள் அதனோடு பொதுக் காரணி இல்லாத எண்களின் எண்ணிக்கை) என்ன, மோபியஸ் மதிப்பு (ஏதேனும் பகாக் காரணி திரும்ப வந்தால் 0, வராவிட்டால் பகாக் காரணிகள் இரட்டைப்படை எனில் 1, ஒற்றைப்படை எனில் −1) என்ன? இவற்றுக்குப் பகாக் காரணிகள் முழுதாகத் தெரிந்தாக வேண்டும். பாரி ஜிபி 'தொங்கிவிட்டது' என்று குறைபடுபவர்கள் பெரும்பாலும் இரண்டாம் வகைக் கேள்வியை முதல் வகை என்று நினைத்துக் கேட்டவர்கள்.

பாரி ஜிபி பிரான்சின் போர்தோ பல்கலைக்கழகத்தில் ஹென்றி கோஹன் குழுவினர் தொடங்கிய எண் கோட்பாட்டு மென்பொருள். இன்று கரீம் பெலாபாஸும் தன்னார்வலர்களும் பராமரிக்கிறார்கள். முழுக்க இலவசம், மூலநிரலும் திறந்தது. பெயரைப் பார்த்ததும் முல்லைக்குத் தேர் கொடுத்தவன் நினைவுக்கு வந்தால் தப்பில்லை, ஆனால் இந்தப் பாரி 'பாஸ்கல் அரித்மெட்டிக்' என்பதன் சுருக்கம். ஆரம்பத்தில் பாஸ்கல் மொழியில் எழுத முயன்று, விரைவிலேயே சி மொழிக்கு மாறினார்கள். பெயர் மட்டும் நின்றுவிட்டது.

எங்கள் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எண்பது இலக்கம் வரையிலான பகு எண்ணின் எல்லாப் பண்புகளையும் ஒரே இடத்தில் பார்க்க இதைவிட வசதியான கருவி இல்லை. அதற்கு மேலே போகும்போது எந்தக் கட்டளை காரணி தேடப் போகும், எது போகாது என்று தெரிந்து இயக்கினால் மட்டுமே பயன். ஒரு குறை உண்மையிலேயே உறுத்துகிறது: சில சமயம் பிரிக்கப்படாத மிச்சத்தையும் பகா எண்ணையும் ஒரே நெடுவரிசையில், ஒரே தோற்றத்தில் காட்டுகிறது. அதைக் கீழே விரிவாகச் சொல்கிறோம்.

கட்டளைகளை ஆங்கிலச் சிற்றெழுத்தில்தான் தட்ட வேண்டும். இங்கே அவற்றின் உச்சரிப்பைத் தமிழில் தந்திருக்கிறோம்.

நிறுவுவது எளிது. உபுண்டுவில் மென்பொருள் களஞ்சியத்திலேயே இருக்கிறது, விண்டோஸுக்குத் தனி நிறுவி உண்டு, ஆண்ட்ராய்டுக்குப் பாரிட்ராய்டு. எதையும் நிறுவாமல் உலாவியிலேயே ஓட்டிப் பார்க்கும் பக்கமும் பாரி தளத்தில் இருக்கிறது. சின்ன எண்களுக்கு அது போதும். திறந்ததும் மேலே வரும் முகப்பு வரிகளைத் தள்ளிவிடாமல் படியுங்கள். அதில் 'ஜிஎம்பி' (பெரிய எண் கணக்குகளுக்கான நிரலகம்) என்ற சொல் இருந்தால் பெரிய எண் பெருக்கல் வேகமாக நடக்கும் பதிப்பு. 'பாரிசைஸ்' 8000000 என்றிருந்தால் அடுக்கு நினைவகம் (ஸ்டாக்) 8 மெகாபைட்தான். கனமான கணக்கில் 'அடுக்கு நிரம்பிவிட்டது' என்ற பிழை வருவது இதனால்தான். எண்ணில் தவறு ஏதும் இல்லை. 'பாரிசைஸ்மேக்ஸ்' அளவை 1 ஜிகாபைட்டுக்கு உயர்த்தி அமைப்புக் கோப்பில் எழுதிவிட்டால் தேவைக்கேற்பத் தானே வளர்ந்துகொள்ளும்.

எண்ணை உள்ளிடும்போதே நடக்கும் தவறு ஒன்று உண்டு. நம் பழக்கப்படி 12,34,567 என்று காற்புள்ளியோடு, காரணிப்படுத்தும் 'ஃபேக்டர்' கட்டளைக்குள் ஒட்டினால், ஜிபி அதை மூன்று தனி உள்ளீடுகளாக எடுத்துக்கொண்டு பிழை காட்டும். அதுவாவது பரவாயில்லை. 1,234 என்று ஒரே காற்புள்ளி இருந்தால் பிழையே வராது: '1 என்ற எண்ணை 234 வரையுள்ள பகா எண்களால் பிரி' என்று பொருள்கொண்டு வெறும் அணியைத் திருப்பித் தந்துவிடும். இடைவெளிகளால் சிக்கல் இல்லை, அவற்றை ஜிபி கண்டுகொள்ளாது. வரி முறிவு வேறு. பிடிஎஃப் கோப்பிலிருந்து நகலெடுத்த நூறு இலக்க எண் நடுவில் முறிந்திருந்தால் முதல் துண்டை மட்டும் தனி எண்ணாக வாங்கிக்கொள்ளும். ஆகவே எண்ணை ஒரு மாறியில் போட்டதும் முதல் வேலை இலக்கங்களை எண்ணுவது: 'டிஜிட்ஸ்' கட்டளைக்கு முன்னால் # குறி சேர்த்தால் எண்ணிக்கை வந்துவிடும்.

இப்போது ஒரு எண்ணை அருகில் வைத்துப் பார்ப்போம். 2^(2^n)+1 வடிவில் வருபவை ஃபெர்மா எண்கள். அவற்றில் n = 7 ஆன ஏழாம் ஃபெர்மா எண், அதாவது 2^128+1:

340282366920938463463374607431768211457

39 இலக்கம். இதைப் பகு எண் என்று வெகு முன்பே அறிந்திருந்தும், காரணிகளை 1970-இல்தான் மோரிசனும் பிரில்ஹார்ட்டும் தொடர்பின்ன முறையால் கண்டார்கள். இன்று 'ஃபேக்டர்' கட்டளை கொடுத்து விரலை எடுப்பதற்குள் விடை வந்துவிடுகிறது. இரண்டு நெடுவரிசை கொண்ட அணி: இடப்பக்கம் 59649589127497217, அதற்குக் கீழே 5704689200685129054721, வலப்பக்கம் இரண்டுக்கும் அடுக்கு 1.

இந்த அணியைக் கட்டாயம் ஒரு மாறியில் சேமியுங்கள். 'நம்டிவ்' (வகுத்திகளின் எண்ணிக்கை), 'சிக்மா' (வகுத்திகளின் கூட்டுத்தொகை), 'யூலர்ஃபை', 'மோபியஸ்' ஆகிய எல்லாக் கட்டளைகளும் எண்ணுக்குப் பதில் காரணி அணியையே உள்ளீடாக ஏற்கும். எண்ணையே திரும்பத் திரும்பக் கொடுத்தால் ஒவ்வொரு தடவையும் காரணிப்படுத்தலை முதலிலிருந்து செய்யும். 39 இலக்கத்தில் வித்தியாசம் தெரியாது. 75 இலக்கத்தில் நான்கு கட்டளைக்கு நான்கு மடங்கு காத்திருப்பு.

ஏழாம் ஃபெர்மா எண்ணுக்கு வகுத்திகள் 4, மோபியஸ் மதிப்பு 1. விடை சரியா என்று பார்க்க இரண்டு சோதனை போதும். 'ஃபேக்டர்பேக்' கட்டளையால் காரணிகளைப் பெருக்கினால் பழைய எண் வர வேண்டும். அடுத்து, ஏழாம் ஃபெர்மா எண்ணின் எந்தப் பகாக் காரணியையும் 512-ஆல் வகுத்தால் மீதி 1 வந்தாக வேண்டும். முதல் காரணி 512 × 116503103764643 + 1. பொருந்துகிறது.

வகுத்திகளை எண்ணும் வேலையில் கருவியைச் சோதிக்க நமக்கு நெருக்கமான எண் ஒன்று இருக்கிறது. 1915-இல் ராமானுஜன் லண்டன் கணிதக் கழக இதழில் வெளியிட்ட மிகுபகு எண்கள் பற்றிய கட்டுரையில் 6746328388800 வரை பட்டியல் போட்டார். தனக்குக் கீழே உள்ள எந்த எண்ணையும்விட அதிக வகுத்திகள் கொண்டவை அவை. கையால் போட்ட அந்த நீண்ட பட்டியலில் விடுபட்டது ஒன்றே ஒன்று: 293318625600. ஜிபியில் 'நம்டிவ்' போட்டால் இதற்கு 5040 வகுத்திகள். காரணி அணி எட்டு வரிசையில் வருகிறது: 2-க்கு அடுக்கு 6, 3-க்கு 4, 5-க்கும் 7-க்கும் 2, பிறகு 11, 13, 17, 19 ஒவ்வொன்றும் ஒருமுறை. அடுக்குகளோடு ஒன்று கூட்டிப் பெருக்குங்கள்: 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040. இதையே 23-ஆல் பெருக்கினால் ராமானுஜனின் பட்டியலில் கடைசியாக நிற்கும் 6746328388800 கிடைக்கிறது, 10080 வகுத்திகளோடு. இப்படிச் சிறு பகா எண்களால் ஆன எண் எவ்வளவு பெரிதானாலும் ஜிபிக்குச் சுமையே இல்லை. கஷ்டம் இலக்க எண்ணிக்கையில் மட்டும் இல்லை. இரண்டாவது பெரிய காரணி எவ்வளவு பெரியது என்பதில்தான் முக்கியமாக இருக்கிறது.

இனி உண்மையான சோதனை. பன்னிரண்டாம் ஃபெர்மா எண், 2^4096+1. 1234 இலக்கம்.

பகு எண்தானா என்று கேட்டால் நொடிக்குள் பதில். ஃபெர்மா எண் பகா எண்ணா என்று பார்க்கும் பெப்பன் சோதனையை நேரடியாகவும் போடலாம்: 3-ஐ, எண்ணிலிருந்து 1 கழித்துப் பாதியாக்கி வரும் அடுக்குக்கு உயர்த்தி, எண்ணால் வகுத்த மீதி −1 ஆக வேண்டும், ஆகாவிட்டால் பகு எண். இங்கே கவனம். மீதிக் கணக்குக்கான 'மாட்' கட்டளைக்குள் 3-ஐ வைத்து அடுக்கேற்ற வேண்டும். 3-ஐ முதலில் அடுக்கேற்றிவிட்டுப் பிறகு மீதி எடுக்கலாம் என்று எழுதினால், பிரபஞ்சத்தில் எழுத இடமில்லாத எண்ணை உருவாக்கச் சொல்கிறீர்கள். ஜிபி உடனே மிகைப்பெருக்கப் பிழை காட்டி நின்றுவிடும். 'மாட்' உள்ளே இருந்தால் ஒவ்வொரு வர்க்கத்துக்கும் மீதி எடுத்துக்கொண்டே 4095 படிகளில் முடித்துவிடும்.

பகு எண் என்று நிரூபணமாகிவிட்டது, ஆனால் இந்தச் சோதனை ஒரு காரணியைக்கூடத் தரவில்லை. இதைப் புரிந்துகொள்ள இன்னும் பெரிய உதாரணம் இருபதாம் ஃபெர்மா எண்: 315653 இலக்கம். பகு எண் என்று 1987-இல் கணினியில் நிறுவினார்கள். அதன் காரணி ஒன்றுகூட இதுவரை யாருக்கும் தெரியாது.

பன்னிரண்டாம் எண்ணுக்குத் திரும்புவோம். 'ஃபேக்டர்' என்று மட்டும் கொடுத்தால் என்ன ஆகும்? ஜிபி முதலில் சிறு பகா எண்களால் வகுத்துப் பார்க்கும், பிறகு அடுக்கு எண்ணா என்று சோதிக்கும், பிறகு போலார்டின் ரோ முறை, ஷேங்க்ஸின் வர்க்க வடிவ முறை, நீள்வட்ட வளைவு முறை, கடைசியில் இருபடிச் சல்லடை. இந்தச் சல்லடை நூறு இலக்கத்தைச் சற்றுத் தாண்டியதுமே கையை விரித்துவிடும். அதற்கு மேற்பட்ட மிச்சத்துக்கு மறுபடியும் நீள்வட்ட வளைவுகளை ஓட்டிக்கொண்டே இருக்கும், முடிவே இல்லாமல். பொறுமை இழந்து கன்ட்ரோல்-சி அழுத்தினால் அதுவரை கிடைத்த சின்னக் காரணிகளும் போச்சு. எதையும் திருப்பித் தராது. இந்த மென்பொருளில் மாற்ற வேண்டியது எது என்று கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வோம்.

தப்பிக்க வழி இரண்டு. பிழைதேடல் அளவை 4-க்கு உயர்த்தி வைத்தால், எந்த முறையில் இருக்கிறது, எந்தக் காரணி விழுந்தது என்று திரையில் எழுதிக்கொண்டே போகும்; நிறுத்தினாலும் திரையிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அல்லது 'ஃபேக்டர்' கட்டளைக்கு இரண்டாவது உள்ளீடாக எல்லை கொடுங்கள். 500000 என்று எல்லை வைத்தால் உடனே திரும்பிவிடும்: முதல் வரிசையில் 114689, இரண்டாவது வரிசையில் 1228 இலக்க மிச்சம்.

நாங்கள் உறுத்துகிறது என்று சொன்ன இடம் இதுதான். அந்த 1228 இலக்க எண் பகா எண் இல்லை. ஆனால் பகா எண்கள் நிற்க வேண்டிய நெடுவரிசையில், பக்கத்தில் அடுக்கு 1 போட்டு, எந்த அடையாளமும் இல்லாமல் நிற்கிறது. இந்த அணியை எடுத்து 'யூலர்ஃபை' கட்டளைக்குக் கொடுத்தால் அதையும் பகா எண் என்று நம்பி ஒரு மதிப்பைக் கணக்கிட்டுத் தந்துவிடும், எச்சரிக்கையே இல்லாமல். தவறான விடை, சரியான விடையின் முகத்தோடு. 'ஃபேக்டர்இன்ட்' கட்டளைக்கு 8 என்ற கொடி கொடுத்தாலும் இதே ஆபத்து: கடைசி வளைவுத் தேடலைத் தவிர்த்துவிட்டு, பெரிய பகு எண்ணைப் பகா எண்ணாகவே அறிவிக்கக்கூடும் என்று கையேடே சொல்கிறது. எல்லையோ கொடியோ பயன்படுத்தினால், அடுத்த வரியிலேயே முதல் நெடுவரிசை முழுவதற்கும் 'இஸ்பிரைம்' (பகா எண்ணானால் 1, இல்லாவிட்டால் 0) ஓட்டிவிடுவதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். எல்லாம் 1 என்று வந்தால் மட்டுமே மேற்கொண்டு கணக்கு.

எல்லையே கொடுக்காமல் முடிந்த காரணிப்படுத்தலிலும் நுணுக்கம் ஒன்று உண்டு. இயல்பு அமைப்பில் 'ஃபேக்டர்' தரும் காரணிகள் பெய்லி-பிஎஸ்டபிள்யூ என்ற விரைவான பகா எண் சோதனையில் தேறியவை. முறைப்படி நிரூபிக்கப்பட்டவை அல்ல. அந்தச் சோதனையை ஏமாற்றிய பகு எண் இதுவரை ஒன்றுகூடக் கண்டறியப்படவில்லை, 2^64-க்குக் கீழே அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று சரிபார்த்தும் இருக்கிறார்கள். நடைமுறைக்கு இது போதும். ஆய்வுக்கட்டுரையில் எழுதப் போகிறீர்கள் என்றால் 'ஃபேக்டர்_புரூவன்' அமைப்பை 1 ஆக்கிவிடுங்கள், அல்லது 'பிரைம்செர்ட்' கட்டளையால் சான்றிதழ் எடுத்துக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டாம் எண்ணில் இன்றுவரை கிடைத்த காரணிகள் ஆறு. 1877-இல் லூக்காஸும் பெர்வூஷினும் கண்ட 114689. 1903-இல் வெஸ்டர்ன் கண்ட 26017793, 63766529. பிறகு 1974-இல் 190274191361, 1986-இல் 1256132134125569. இவை ஐந்தும் போனால் மிச்சம் 1187 இலக்கம். 24 ஆண்டுகள் அப்படியே கிடந்தது. 2010-இல் 54 இலக்கக் காரணி ஒன்று விழுந்தது:

568630647535356955169033410940867804839360742060818433

முதல் ஐந்தையும் ஜிபியே தேடி எடுக்கக்கூடும். ஆறாவதற்கு அதன் உள் வளைவுத் தேடலை நம்பி உட்காரக் கூடாது. தெரிந்த காரணியை 'ஆட்பிரைம்ஸ்' கட்டளையால் சேர்த்துவிட்டால், அடுத்து வரும் எல்லாக் காரணிப்படுத்தலிலும் அதை முதலில் வகுத்துப் பார்க்கும். சேர்க்கும் எண் பகா எண்தானா என்று ஜிபி சோதிக்காது. தட்டச்சில் ஒரு இலக்கம் பிசகினாலும் அப்படியே ஏற்றுக்கொள்ளும். சேர்க்கும் முன் 'இஸ்பிரைம்' ஒருமுறை, எண்ணை அதால் வகுத்து மீதி 0 வருகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஆறையும் வகுத்த பின் நிற்பது 1133 இலக்கப் பகு எண். இதன் வகுத்தி எண்ணிக்கையோ யூலர் ஃபை மதிப்போ இன்று எந்த மென்பொருளாலும் சொல்ல முடியாது. கேட்டால் ஜிபி மறுக்காது, ஓடிக்கொண்டே இருக்கும்.

எண்பதுக்கு மேல், நூறு இலக்கத்தை நோக்கிப் போகும் எண்களுக்கு வேறு கருவி தேடுவதே நல்லது. ஜிபியின் இருபடிச் சல்லடை ஒரே ஒரு கோரில்தான் ஓடும். எண் பெரிது என்று கண்டால் பல மணி நேரம் ஆகும் என்று எச்சரிக்கை வரியும் போடும். 1991-இல் ஏப்ரல் மாதம் உடைக்கப்பட்ட 100 இலக்க ஆர்எஸ்ஏ-100 எண்ணை (காரணிப்படுத்தும் சவாலாக வெளியிடப்பட்ட எண்களில் ஒன்று) எம்சீவ் என்ற சல்லடை மென்பொருள் 2200 மெகாஹெர்ட்ஸ் அத்லான் 64 கணினியில் சுமார் நான்கு மணி நேரத்தில் முடித்திருக்கிறது. யாஃபு என்ற காரணிப்படுத்தும் மென்பொருள் எல்லாக் கோர்களையும் பயன்படுத்துவதால் இன்றைய மேசைக்கணினியில் நிமிடக் கணக்கில் முடித்துவிடும். ஒரே கோப்புறையில் இரண்டு யாஃபுவை ஒரே நேரத்தில் ஓட்டாதீர்கள்; இரண்டும் ஒரே தற்காலிகக் கோப்பில் எழுதி வேலையைக் கெடுத்துக்கொள்ளும். இன்னும் பெரிய, சிறு காரணி இல்லாத எண்களுக்குக் காடோ-என்எஃப்எஸ் என்ற எண் புலச் சல்லடை மென்பொருள். 2020 பிப்ரவரியில் 250 இலக்க ஆர்எஸ்ஏ எண் அதைக் கொண்டுதான் உடைந்தது. செலவான கணிப்பு நேரம் ஒரு கோருக்குச் சுமார் 2700 ஆண்டுகள். அந்த எண் இலக்கத்தில் நம் 1133-இல் கால்பங்குகூட இல்லை.

பன்னிரண்டாம் எண்ணின் மிச்சத்தில் மேலும் ஒரு காரணி தேட, நீள்வட்ட வளைவு முறைக்கான தனி மென்பொருளான ஜிஎம்பி-ஈசிஎம்தான் வழி. அதன் கையேட்டில் உள்ள அட்டவணைப்படி 30 இலக்கக் காரணிக்குத் தேடல் எல்லை 2.5 லட்சம், ஓட்ட வேண்டியவை 430 வளைவுகள். 40 இலக்கத்துக்கு 30 லட்சம், 2350 வளைவுகள். 50 இலக்கத்துக்கு 4.3 கோடி, 7553. 55 இலக்கத்துக்கு 11 கோடி, 17769. சின்ன அளவிலிருந்து படிப்படியாக ஏற வேண்டும். நேரே 11 கோடிக்குத் தாவினால், சிறு காரணிகளால் ஆன எண்ணில் ஒரே வளைவில் எல்லாக் காரணிகளும் சேர்ந்து விழுந்து, உள்ளிட்ட எண்ணையே கண்டுபிடித்ததாக ஜிஎம்பி-ஈசிஎம் சொல்லக்கூடும். அப்போது எல்லையைக் குறைத்து, வேறு வளைவில் மீண்டும் ஓட்ட வேண்டும்.

இதையெல்லாம் தொடங்கும் முன், அறியப்பட்ட காரணிகளைத் தொகுத்து வைக்கும் ஃபேக்டர்டிபி தளத்தில் எண்ணை ஒருமுறை போட்டுப் பாருங்கள். அங்கே நிலைக்குறியீடு தெளிவாக இருக்கிறது: 'சி' என்றால் பகு எண், காரணி எதுவும் தெரியாது, 'சிஎஃப்' என்றால் சில காரணிகள் தெரியும், மிச்சம் பிரியவில்லை, 'எஃப்எஃப்' என்றால் முழுதும் முடிந்தது, 'பிஆர்பி' என்றால் பகா எண்ணாக இருக்கக்கூடியது, நிரூபணம் இல்லை. பாரி ஜிபியின் காரணி அணியிலும் இப்படி ஒரு குறி இருந்தால் மேலே சொன்ன குழப்பத்தில் பாதி இருக்காது. பன்னிரண்டாம் ஃபெர்மா எண்ணுக்கு அங்கே நிற்பது 'சிஎஃப்'. ஏழாவது காரணி யாருக்காவது விழுந்தால், முதலில் ஜிபியில் 1133 இலக்க மிச்சத்தை அதால் வகுத்து மீதி 0 வருகிறதா பார்த்து, அடுத்து அதிலிருந்து 1 கழித்து 16384-ஆல் மீதியின்றி வகுபடுகிறதா பார்த்து, பிறகு அந்தத் தளத்தில் சேர்த்துவிடலாம்.